முதல், நடு, கடைசி

பென்சில் ரப்பரின் ஓரத்தால் மெமரி கார்டின் பித்தளை நிறப் பற்களை அந்த விரல்கள் மெல்லத் தேய்த்தன. தூளை வாயால் ஊதவில்லை. எச்சில் ஈரம் பட்டுவிடும். சின்னத் தூரிகையால் தட்டிவிட்டன. கம்ப்யூட்டரில் செருகும் முன் ஒரு கணம் நின்றன. இந்த வேலையில் அவை இதுவரை தயங்கியதில்லை.

படகுத்துறைக்கு எதிரே இருந்த அந்தக் கடைக்காரியை எல்லாரும் இரட்டையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த இரட்டை யாரும் கிடையாது. தீவுகளுக்குப் போய்வரும் பயணிகளின் படங்களை எப்போதும் இரண்டு டிஸ்கில் ஏற்றுவாள், ஒன்றோடு விடமாட்டாள். முன்பு துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் பை படகுக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீரில் விழுந்ததைப் பார்த்திருக்கிறாள். கேமரா, காப்பி எடுத்து வைத்திருந்த டிஸ்க், எல்லாம் ஒரே பையில். அந்தப் பெண் அழுத அழுகையில்தான் இவளுடைய தொழில் பிறந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போட்டு, கேட்டுக் கேட்டும் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டாள். ஒரு டிஸ்க் பயணியோடு போகும். மற்றது அவளுடைய இரும்பு அலமாரியில் இருக்கும். இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது.

"நல்லவேளை, புருஷன் விஷயத்துல ஒண்ணோட நிறுத்திக்கிட்டா," என்பார் அவள் கணவர். கடையின் மறுபாதியில் பயணிகளின் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பவர்.

"ஒண்ணு வச்சுக்கவே எடம் பத்தல," என்பாள் அவள், திரும்பாமல்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. நாடு விட்டு நாடு வருபவர்களின் கேமராவில் நேரம் தாறுமாறாக இருக்கும். அதனால் புது கார்டு எதுவானாலும் அதன் முதல் படம் அவள் கடைச் சுவர்க்கடிகாரம்தான். பயணியையே நிற்கவைத்து எடுக்கச் சொல்வாள். பிறகு படங்களை வரிசைப்படுத்த அந்த ஒரு படம் போதும். காப்பி எடுத்து முடித்ததும் முதல் படம், நடுப் படம், கடைசிப் படம் மூன்றை மட்டும் திறந்து பார்ப்பாள். மூன்றும் திறந்தால் காப்பி சரி. அதற்கு மேல் ஊரார் படத்தைப் பார்ப்பது அவளுக்கு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி.

இப்போது கையில் இருந்த கார்டின் முதுகில் பச்சை நகப்பூச்சால் ஒரு பொட்டு. ஆளுக்கு ஒரு நிறம் வைப்பது அவள் கணக்கு. பச்சை, கடைசித் தீவுக்குப் போன அந்தப் பையனுடையது. நிறையப் படம் எடுப்பவன். கார்டு நிரம்ப நிரம்ப ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் படகோட்டியிடம் கொடுத்தனுப்புவான். இவள் காப்பி எடுத்து, டப்பாவைத் திருப்பி அனுப்புவாள். அப்புறம் ஒருநாள் அவன் தங்கியிருந்த அறை திறந்து கிடந்தது. பை இருந்தது, செருப்பு இருந்தது, அவன் இல்லை. ஆள்விட்டுத் தேடினார்கள். தேடி ஓய்ந்தும் போனார்கள். கார்டுகளில் ஒன்று மட்டும் அவளிடம் வந்து சேரவில்லை. அது அவன் கேமராவுக்குள் இருந்தது. கேமரா அவன் கழுத்தில்.

அந்தக் கார்டுதான் இது.

"யாருண்ணே குடுத்தா?" என்று கேட்டாள்.

படகோட்டி வாசல்படியைத் தாண்டவில்லை. "யாரும் குடுக்கல இரட்டையக்கா. அந்தப் பையன் எப்பவும் வைப்பானே, சுக்கானுக்குப் பின்னால பலகை, அதுல டப்பா இருந்துச்சு. நேத்து அந்தப் பலகையை நானே தொடச்சேன். அப்ப டப்பா இல்ல."

"உங்க தொடப்பு எனக்குத் தெரியாதா? நாலு மூலையில மூணை விட்டுடுவீங்க," என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்கூட.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். பையனின் அக்கா. அலமாரியில் இருந்த டிஸ்கை வாங்கிக்கொண்டு போகக் காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள்.

"போடுங்கக்கா," என்றாள். "அம்மா ராத்திரியில வாசக்கதவைத் தாழ்போட விடமாட்டேங்கறாங்க. தம்பி வந்தா தட்டக் கூச்சப்படுவானாம். அவன் இருக்கானா இல்லையான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும். எதுவா இருந்தாலும் சரி."

இரட்டையக்கா கார்டைச் செருகினாள். முதல் டிஸ்கில் ஏற்றினாள். இரண்டாவதில் ஏற்றினாள். படங்களின் எண்கள் எங்கும் விட்டுப்போகாமல் ஓடின. நடுவில் யாரும் எதையும் அழிக்கவில்லை.

முதல் படத்தைத் திறந்தாள். கடைச் சுவர்க்கடிகாரம். அவன் கிளம்பிய நாளில் எடுத்தது. ஓரத்தில் இவளுடைய முழங்கை.

நடுப் படம். ஒரு கதவு. பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு.

"அவன் செருப்புதான்," என்றாள் அக்கா. "ரூம்ல எடுத்து வச்சிருந்ததை என்கிட்டக் குடுத்தாங்களே. அப்படின்னா அவன் வெறுங்காலோட வெளிய நின்னா எடுத்திருக்கான்?"

இரட்டையக்கா கடைசிப் படத்தைத் திறந்தாள்.

மறுபடியும் அதே கடிகாரம்.

முதலில் அவள் காப்பியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். முதல் படமே கடைசியிலும் ஏறியிருக்கும். இரண்டாவது டிஸ்கில் திறந்தாள். அதிலும் அதுவே. கார்டிலேயே நேராகத் திறந்தாள். அதுவே. ஆனால் இதில் முழங்கை இல்லை. கீழே, வருபவர்கள் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. கடிகாரக் கண்ணாடியின் குறுக்கே ஒரு கறுப்பு டேப் ஓடியது.

இரண்டு பெண்களும் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரக் கண்ணாடியின் குறுக்கே கறுப்பு டேப்.

"இந்த ஒட்டு எப்பப் போட்டது?" என்றாள் அக்கா.

கணவரின் தையல் மெஷின் நின்றது. "பெருங்காத்து அடிச்சுதே, அன்னிக்குக் கீழ விழுந்து விரிசல் விட்டுது. நான்தான் ஒட்டினேன்." தணிந்த குரலில் சொன்னார்: "தேடறதை நிறுத்தினதுக்கு அப்புறம்."

"யாராவது கேமராவைத் திருடியிருக்கலாம்," என்றாள் அக்கா. "திருடினவன் இங்க வந்திருக்கலாம். இல்லையா?"

"இருக்கலாம்மா."

"இங்க வந்து கடிகாரத்தைப் படம் எடுக்கணும்னு அவனுக்கு யார் சொன்னது?"

இந்தச் சின்னக் கடைக்குள் இரட்டையக்காவின் கண்ணில் படாமல் யாரும் வந்து நின்றதில்லை. கடையைப் பூட்டினால் சாவி அவள் இடுப்பில். காலியான அந்த நாற்காலியை இத்தனை உயரத்திலிருந்து ஒருவர் படம் எடுக்க வேண்டுமானால், அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வேலையைப் பார்த்தாள்.

கார்டை எடுத்து உறையில் போட்டாள். ஒரு டிஸ்கைத் துணியில் சுற்றி, இரண்டையும் அக்காவிடம் கொடுத்தாள். அவள் இன்னொரு டிஸ்குக்கும் கை நீட்டினாள்.

"ரெண்டும் ஒரே பையில போகக் கூடாதும்மா."

"இனிமே யாருக்குக்கா அது?"

"ஆள் வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்ல? அதுக்குத்தான் அலமாரி." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இருக்கார்னு சொல்ல எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்லவும் என்னால முடியல. அம்மாகிட்ட இப்படியே சொல்லுங்க."

அக்கா தலையசைத்தாள். "அப்போ கதவு திறந்தே இருக்கட்டும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரட்டையக்கா மேஜை இழுப்பறையிலிருந்து புது கார்டு ஒன்றை எடுத்தாள். முதுகில் பச்சைப் பொட்டு வைத்தாள். காயும்வரை விரல்நுனியில் பிடித்திருந்தாள். முதல் படம் இல்லாத கார்டு; அதை எடுக்க வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, வாசலுக்குக் கொண்டுபோனாள்.

படகோட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதை நான் யார்கிட்டக் குடுக்கறது?"

"யார்கிட்டயும் குடுக்க வேணாண்ணே," என்று அவர் கையைப் பிடித்து இழுத்து, டப்பாவை அதில் வைத்தாள். "இருந்த எடத்துலயே வச்சிடுங்க."