நிற்காத கப்பலும் யெர்கோ மாமாவின் ட்ரோனும்

“தானா திரும்பி வந்துடும்னு சொன்னியே புள்ள, இப்ப எங்க போகுது அது?”

யெர்கோ மாமா இப்படிக் கேட்டார். படகின் சுக்கான் என் கையில் இருந்தது. ட்ரோன் எங்களை விட்டு விலகி, ஒன்றுமே இல்லாத வெறுங்கடலை நோக்கிப் போனது. பிறகு ஓரிடத்தில் நின்று, தரையில் இறங்குவதுபோல அத்தனை நிதானமாக இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மூழ்கிவிட்டது.

யெர்கோ மாமா எங்கள் தீவுத் துறைமுகத்தில் கயிறு பிடிப்பவர். எதிர்க்கரையில் இருக்கும் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து வரும் பயணக் கப்பல் கரையை நெருங்கியதும் மேலிருந்து கயிறு வீசுவார்கள். அதைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவதும், கப்பல் கிளம்பும்போது கழற்றி விடுவதும் அவர் வேலை. வடக்கிலிருந்து வீசும் புரா என்கிற குளிர்காற்று அடித்து காப்பிக்கடை நாற்காலிகள் கடலுக்குள் பறக்கிற நாளிலும் ஆரஞ்சு நிற மேற்சட்டையோடு அங்கேதான் நிற்பார்.

அவருக்கு ஒரே மகன், நிக்‌ஷா. தாய் இல்லாமல் வளர்ந்தவன். கோடைக்காலத்தில் திருமணங்களை ட்ரோனில் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தனக்குப் பிறகு துறைமுக வேலைக்கு அவன் வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஒருநாள் காப்பிக்கடையில் எல்லோர் முன்னாலும், “கல்யாணக்காரன் தலைக்கு மேல பொம்மை விடுறதெல்லாம் ஒரு பொழைப்பாடா?” என்று கேட்டுவிட்டார். நிக்‌ஷா அந்த வாரமே சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, காலைப் பயணக் கப்பலில் ஏறிப் போய்விட்டான். ட்ரோனை அலமாரியிலேயே விட்டிருந்தான். அவன் ஏறிய கப்பலின் கயிற்றைக் கழற்றி விட்டதும் அவன் அப்பாதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவன் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனால் துறைமுகக்காரர்களிடம் விசாரித்ததில் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று தெரிந்துபோனது. வடக்கே ரியேகா துறைமுகத்துக்குப் போகும் அந்தக் கப்பல் எங்கள் தீவை ஒட்டிய கடல் கால்வாய் வழியாகத்தான் போகும்; எங்கள் தீவில் நிற்காது. கப்பல்கள் நகர்வதைக் காட்டும் செயலியை மாமாவின் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தது நான். பள்ளிப்படிப்பு முடிந்து, இந்தத் தீவை விட்டு எங்கே போகலாம் என்று தினமும் ஓர் ஊரின் பெயரை யோசித்துக்கொண்டிருந்த எனக்கு வேறு வேலை இல்லை.

அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாமாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அலமாரியிலிருந்த ட்ரோனை எடுத்து, என்னோடு ஆலிவ் தோப்பில் பறக்கவிட்டுப் பழகினார். கப்பல் வந்த காலையில் கயிறு பிடிக்க வேறொருவரை நிறுத்திவிட்டு, என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு கால்வாயின் எதிர்ப்பக்கம் போனார். அங்கிருந்து எடுத்தால் காலை வெயில் கேமராவின் கண்ணில் விழாது என்று கணக்குப் போட்டிருந்தார்.

படகிலிருந்தே ட்ரோனை ஏவினார். கப்பல் நெருங்கியதும் அதற்குச் சமமாகப் படகை ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். திரையில் மேல்தளம் தெரிந்தது. ஒருவன் தனியாக நின்றிருந்தான். அவன் முதுகுதான் தெரிந்தது. ஒரு காலைக் கம்பியின்மேல் ஏற்றி நிற்கிற அந்த நிற்பை எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அவன்தான்,” என்றார் மாமா. “சுத்திட்டுப் போயி முன்னால பாக்கலாம்.”

அப்போதுதான் பழைய மின்கலம் தீர்ந்து, ட்ரோன் தானாகத் திரும்ப ஆரம்பித்தது.

தீவில் ஒரு செய்தி பரவ அரைநாள் போதும். காப்பிக்கடை லோவ்ரே, “என்ன யெர்கோ, மத்தி மீனெல்லாம் இப்ப கடலடியில ட்ரோன் வச்சுப் படம் எடுக்குதாமே?” என்றார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் மாமா, அன்றைக்குச் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

என்ன தவறு செய்தோம் என்று தேடிப் படித்துவிட்டு மறுநாள் அவரிடம் போனேன். மின்கலம் தீரும்போது ட்ரோன் தான் கிளம்பிய இடத்துக்கே போகும். தரையில் வாழ்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. ஏவிய இடத்திலேயே நிற்பார்கள். நாங்களோ படகுக்காரர்கள். கப்பலோடு ஓடிவிட்டு, கிளம்பிய இடமும் எங்களோடு வருகிறது என்று நினைத்துக்கொண்டோம். திரும்பி வரும் இடத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது; அதை நாங்கள் தொடவேயில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மாமா பலகைமேல் கீரையும் உருளைக்கிழங்கும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத விடு புள்ள. அவன் எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னான்?”

“நம்ம துறைமுகத்துப் பக்கம்.”

கத்தி நின்றது. “அந்நேரத்துக்கு நான் அங்கதான நிப்பேன்,” என்றார்.



இலையுதிர்காலத்துக்குள் பழைய ட்ரோன் ஒன்றை ஸ்ப்ளிட்டிலிருந்து வாங்கி வந்தார். துறைமுகத்துக் கற்களின் மேலிருந்து மட்டுமே பறக்கவிட்டார். குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று மின்கலத்தைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி எடுப்பார். பாதி தீர்வதற்குள் திருப்பிவிடுவார். நான் சொல்லிக் கொடுக்க எதுவும் மிச்சமில்லாமல் போனது.

கப்பல் மறுபடியும் வந்தபோது துறையின் முனையில், கப்பலிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில், அதே ஆரஞ்சுச் சட்டையோடு நின்றார். ட்ரோன் மேலே போனது. திரையை நான் பிடித்திருந்தேன். மேல்தளத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு மாலுமி மட்டும் இருந்தான். ட்ரோனைப் பார்த்ததும் சிரித்து, இரண்டு கைகளையும் ஆட்டினான். மாமாவும் பதிலுக்குக் கையை ஆட்டினார், கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை. பிறகு ட்ரோனைக் கிளம்பிய கல்லின்மேலேயே அலுங்காமல் இறக்கினார்.

கப்பல் நிறுவனத்தில் விசாரித்தோம். நிக்‌ஷா வேறு நிறுவனத்தின் கப்பலுக்கு மாறிவிட்டானாம். எந்தக் கப்பல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய பழைய எண் இப்போது புழக்கத்தில் இல்லை. வடக்கே போகிற எந்தச் சரக்குக் கப்பலைக் கண்டாலும் மாமா முனைக்குப் போய்விடுகிறார். சில நாட்களில் ட்ரோனைக்கூட எடுத்துப் போவதில்லை.

நான் அடுத்த மாதம் ஸ்ப்ளிட்டுக்கு வேலைக்குப் போகிறேன். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதினேன். உங்களுக்குக் கடலில் வேலை செய்கிற யாரையாவது தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் அடுத்த கப்பலில் இருப்பவர்களிடம் சொல்லட்டும். எங்கேயாவது ஒரு கப்பலில் எங்கள் தீவுக்கார நிக்‌ஷா இருப்பான். அவன் துறைமுகத்தைப் பார்த்து நின்றதை அப்பா பார்த்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும்.