பூட்டிய வீட்டுக்குள் ஒரு சத்தம்

போன மாதம் உருத்திரபுரத்தில் ஒரு ஹைக்கூ வகுப்பு. நடத்தியது நான்தான்.

"கவலை, கண்ணீர், காதல் — ஒன்றும் வேண்டாம். காதில் கேட்டதை, மூக்கில் மணந்ததை மட்டும் மூன்று வரியில் எழுதுங்கோ" என்றேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள்!

தையல் வேலை செய்யும் யோகமலர் எழும்பி வாசித்தா.

பூட்டிய வீடு
உச்சி வெயிலில்
தேங்காய் திருவும் சத்தம்

தலைக்கு மேல் ஃபான் சுற்றியது. ஆனாலும் எனக்கு வியர்த்தது. என் காதுக்குள்ளேயே யாரோ திருவுகிற மாதிரி... சரக், சரக்.

"நல்ல கற்பனை" என்றேன்.

"கற்பனை இல்லை சேர். நான் புதுசாக் குடிவந்த ஒழுங்கையில, பக்கத்து வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில கேக்கும்."

பின் கதிரையிலிருந்து குகன் எழும்பினார். பரந்தனில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"வாசல்ல வேம்பு நிக்கிற வீடோ?"

"ஓம்."

"அது என்ர தங்கச்சியின்ர வீடு."

கடைசி யுத்தத்தில் காணாமல் போனவள். வீட்டுப் பூட்டின் திறப்பு குகனிடம்தான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் கதவைத் திறக்கவில்லை. திறந்தால், அவள் இல்லை என்று ஆகிவிடுமாம்.

அடுத்த வெள்ளி மத்தியானம் மூவருமாகப் போனோம். கறள் பிடித்த பூட்டு. உள்ளே வௌவால் நாற்றம். குசினி முழுக்கத் தூசு. சத்தம்? ஒன்றுமில்லை.

குகன் குனிந்து அடுப்புக் கல்லைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

"சுடுது, சேர்."

நானும் தொட்டேன். சுட்டது. "உடைஞ்ச ஓட்டால வெயில் விழுந்து..." என்று தொடங்கி, அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே ஓர் ஓடும் உடையவில்லை.

குகன் அந்த அடுப்படியிலேயே குந்தியிருந்து அழுதார். "முந்தியே வந்திருக்க வேணும்." பிறகு விளக்குமாறு தேடி எடுத்துக் கூட்டத் தொடங்கினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு அங்கேதான் இருக்கிறார்.

துக்கத்தைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா? ஹைக்கூ விளக்கம் சொல்லாது. காதுக்குள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடும். மிச்சம் நம் பாடு!

போன வெள்ளி எங்கள் இருவரையும் அந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார் குகன். சோறும் தேங்காய்ப்பால் விட்ட கத்தரிக்காய்க் கறியும். அப்படியொரு ருசி! அவர் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன நேரம் யோகமலர் மெல்லக் குனிந்தா.

"சேர், தனக்குத் தேத்தண்ணி மட்டும்தான் வைக்கத் தெரியும் எண்டு போன கிழமைதானே சொன்னவர்?"

யார் சமைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை... இன்னொரு முறை சோறு போட்டுக்கொண்டோம்.