சாப்பாட்டு அறை வாசல்காரர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. கோட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுமே அந்த மாதிரிப் பெரிய கப்பல், அதன் சாப்பாட்டு அறை வாசலில் நின்றே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். தன் உத்தியோகத்துக்கு அத்தான் நீளமாக ஒரு பட்டம் சொல்வார். எனக்குத் தெரிந்தவரை வேலை ஒன்றுதான். பொழுது சாய்ந்த பிறகு யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று பார்ப்பது.

பார்ப்பது சுலபம். சொல்வதில்தான் இருக்கிறது சூட்சுமம். கப்பலில் ஏறுகிறவர்களுக்கு எந்த ராத்திரி எதை உடுத்த வேண்டும் என்று சட்டம் உண்டாம். சாதாரண ராத்திரிக்குக் காலர் வைத்த சட்டை போதும். விசேஷ ராத்திரி என்றால் ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டு, பெண்களுக்குத் தரையைத் தொடுகிற உடை. அரைக்கால் சட்டையும், தொப்பியும், விரல் தெரிகிற செருப்பும் என்றைக்கும் ஆகாது. பகலெல்லாம் நீச்சல் குளத்தோரம் துண்டைப் போட்டு நாற்காலி பிடித்துப் படுத்துக் கிடந்துவிட்டு, அப்படியே ஈரக்காலோடு சாப்பிட வந்து நிற்கிற ஆட்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் முடியாது, கூடாது என்கிற வார்த்தைகள் வாயில் வரவே கூடாது.

"முதல்ல காலைப் பாக்கணும்" என்று எங்களுக்கு நடித்தே காட்டுவார். "பாக்கறோம்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. அப்புறம் ஓரடி முன்னால வந்து, கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு, குரலை இறக்கணும். பின்னால நிக்கறவங்களுக்குக்கூடக் கேக்கக்கூடாது. சிரிச்ச முகமா, 'நீங்க உடை மாத்திட்டு வந்தீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும், உங்க மேசையை நான் பாத்துக்கறேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். வெளிய போறவன் எனக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போவான்."

கதவுக்குப் பின்னால் ஓர் அலமாரி, அதில் எல்லா அளவிலும் இரவல் கோட்டுகள். ஆளைப் பார்த்ததும் இவனுக்கு இந்தக் கோட்டு என்று எடுத்து நீட்டுவாராம், ஒரு தடவைகூடத் தோளில் இறுக்கிப் பிடித்ததில்லையாம். அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் கொள்ளாத பெருமை. அக்காவும் வாயைத் திறந்துகொண்டு, அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

நானும் காலைப் பார்த்துப் பிழைக்கிறவள்தான். செருப்புக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்க்கிற வேலை. அத்தானுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்தான். அவர் செருப்பைப் பார்ப்பார், நான் அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பேன். இதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெல்லச் சிரித்து, "நல்லா சொன்னீங்க" என்றார். அவர் அப்படிச் சிரித்தால் எனக்கு உச்சி மயிர் வரைக்கும் எரியும்.

வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மீதிக்குத் தொலைபேசிதான். அவர்களுக்கு ஒரே பெண், பாப்பு என்று கூப்பிடுவோம். அவள் சின்னவளாக இருந்தபோது அத்தான் சாதாரணத் தகப்பனாகத்தான் இருந்தார். பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால், "ஏய் கழுதை, இங்க வாடி" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரிக் கத்துவார். அவளும் சிரித்துக்கொண்டே ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அந்தக் குரல் எந்தக் கடலில் விழுந்ததோ தெரியவில்லை. வருஷம் போகப் போக, வாசலில் பேசுகிற குரல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், "சிரமம் இல்லைன்னா ஒரு டம்ளர் தண்ணி" என்பார். கொடுத்ததும் நன்றி சொல்வார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அக்காவும் அதை நம்பினாள்.

நின்று நின்று முழங்கால் தேய்ந்து, அத்தான் கப்பலை விட்டு இறங்கிய வருஷம் பாப்புவுக்கு வரன் வந்தது. பையன் ஓட்டல் ஒன்றில் மேலாளர். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் கண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கறுப்புத் தோல் காலணி, நிலைக்கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கோட்டின் கையிலிருந்து சட்டையின் நுனி எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரிந்தது. அக்கா உட்காரும்போது நாற்காலியைப் பின்னாலிருந்து நகர்த்திக் கொடுத்தான். அதோடு அத்தான் விழுந்துவிட்டார்.

"என் வாசல்ல இத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒருத்தனைப் பாத்ததில்ல" என்று அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வேலை செய்கிற இடத்தில் அவனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கலாமே என்றேன். அதற்கும் அந்தச் சிரிப்புத்தான். பாப்பு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அதிலிருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள், சரி என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து உதட்டில் வீக்கத்தோடு வந்து நின்றாளாம். அப்பாவிடம் மட்டும் சொன்னாளாம். "கோவம் வந்தா கை நீட்டறாருப்பா. எனக்குப் பயமா இருக்கு." என் காதுக்கு வராமல் அத்தானே பார்த்துக்கொண்டார். அக்காவிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த முறை மாப்பிள்ளை வந்தபோது அவனை வராந்தா ஓரமாக அழைத்துப் போய், பக்கவாட்டில் நின்று, குரலை இறக்கி, சிரித்த முகமாக, "நீங்க கொஞ்சம் பொறுமையா இருந்தீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்" என்று சொன்னாராம். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டிய இடத்தில் மனிதர் உபசாரம் பண்ணியிருக்கிறார்! அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போனானாம்.

அதற்குப் பிறகு முகத்தில் அடி விழவில்லை. உடை மறைக்கிற இடமாகப் பார்த்து விழுந்தது. வேகாத வெயிலிலும் பாப்பு மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். அத்தானுக்கு ஒரே பூரிப்பு. "இப்பத்தான் என் பொண்ணுக்கு உடுத்தத் தெரிஞ்சிருக்கு" என்று என் எதிரிலேயே சொன்னார். பாப்பு சட்டையின் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் கூட அவள் கணவனுக்கு அந்த மாதிரி உடைதான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அத்தான் வீட்டிலேயே ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார். முதல் முறையாகக் கப்பலில் போகிற வசதியான தம்பதிகளுக்கு உடையும் மேசை நடைமுறையும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. கூடத்திலிருந்த சோபாவை எல்லாம் எடுத்துவிட்டு நீள மேசை போட்டார். முதல் நாள் வெறும் தட்டுத்தான். நாலைந்து பெரிய மனிதர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, முள்கரண்டியால் காற்றைக் குத்தி வாயில் வைத்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். கடைசி நாள் நிஜச் சாப்பாடு. சூப், ரொட்டி, இறைச்சி, கேக். அன்றைக்கு அந்தக் கூடத்துக்குள் உடைச் சட்டம் எல்லாருக்கும் உண்டு. அக்கா பரிமாற வரும்போதுகூடக் கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். சொந்த வீட்டில் அவளுக்கு வேலைக்காரி வேஷம். அதற்கும் நன்றி சொல்வார்.

அப்படி ஒரு கடைசி நாள். பொழுது இறங்கிவிட்டது. விருந்தாளிகள் மேசையில் உட்கார்ந்தாயிற்று. அக்கா சமையலறையில் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. அத்தான் போய்க் கதவைத் திறந்தார்.

பாப்பு நின்றுகொண்டிருந்தாள். கசங்கின நைட்டி, தோள் பக்கம் தையல் விட்டிருந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு கால் வெறுமனே. அந்தக் கோலத்தில் தெருத் தெருவாக நடந்து வந்திருக்கிறாள்.

அத்தான் முதலில் காலைத்தான் பார்த்தார். இது பாப்பு சொன்னது. பிறகு ஓரடி முன்னால் வந்து, கதவைப் பின்னால் முக்கால்வாசி சாத்திக்கொண்டு, பக்கவாட்டில் நின்றார். முகத்தில் சிரிப்பு. குரல் கதவுக்கு உள்ளே போகாத அளவுக்கு இறங்கியது.

"நீங்க உடை மாத்திட்டு வந்தீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும். பின்பக்கமா வாங்க, நான் ஏற்பாடு பண்றேன்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அவர் கத்தியிருந்தால் அக்கா சூப்புக் கரண்டியோடு ஓடி வந்திருப்பாள். விருந்தாளிகள் எழுந்து வந்திருப்பார்கள். அக்கம்பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கும். மெதுவாகச் சொன்னதால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அத்தான் மேசைக்குத் திரும்பிப் போய், சூப்பைக் கரண்டியால் எந்தப் பக்கமாக அள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கிண்ணங்களை எடுக்க உள்ளே வந்தபோதுதான் அக்காவிடம், "பாப்பு வந்திருக்கா, பின்பக்கம் பாருங்க" என்றாராம். அக்கா பின்கதவைத் திறந்தாள். யாரும் இல்லை.

பாப்பு என்னிடம்தான் வந்தாள். நான் அவளை உட்கார வைத்து, வெறுங்காலை மடியில் வைத்துப் பார்த்தேன். குதிகாலில் கண்ணாடிச் சில் ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு மருந்து வைத்துக் கட்டினேன். பிறகு தோளையும் முழங்கைக்கு மேலேயும் பார்த்தேன். பழையதும் புதியதுமாக நீலமும் மஞ்சளும். மாப்பிள்ளையைக் கரித்துக் கொட்டினேன், அவன் வம்சத்தையே இழுத்தேன். அவள் அதற்கெல்லாம் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து வேறு எதற்கோ அழுதாள்.

"அப்பா என்னை நீங்கன்னு கூப்பிட்டாரு சித்தி."

"உள்ள ஆளுங்க இருந்தாங்களேடி" என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். எனக்கே அந்தப் பூசி மெழுகல் சகிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏன்டி இந்தக் கோலத்துல வந்து என் மானத்தை வாங்கறேன்னு ஒரு அறை விட்டிருந்தாக்கூட உள்ள போயிருப்பேன் சித்தி. திட்டினா மக. நீங்கன்னா நான் யாரு?"

மறுநாள் காலையிலேயே அத்தான் வந்தார். கையில் ஒரு பை. பாப்பு பிறந்த வீட்டில் விட்டுப் போயிருந்த உடைகளை அவரே இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அடுக்கி எடுத்து வந்திருந்தார். சவரம் செய்து, காலணிக்குப் பாலிஷ் போட்டிருந்தார். கண் மட்டும் வீங்கிக் கிடந்தது. மனிதர் தூங்கியிருக்க மாட்டார் என்று தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"நான் ஒரு வார்த்தை கடுமையாப் பேசலையே" என்றார். "அத்தனை பேர் முன்னால அவ அப்படி நிக்கறதை யாரும் பாத்துடக்கூடாதுன்னுதான். அவ மரியாதைக்காகத்தான். எவ்வளவு பக்குவமாச் சொன்னேன் தெரியுமா? அவளைக் கொஞ்சம் வரச் சொன்னீங்கன்னா…"

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "மாப்பிள்ளைகிட்டயும் பக்குவமாத்தான் சொன்னீங்களாமே? பாப்பு எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் நல்லாக் கேட்டுக்கிட்டான் அத்தான். அதுக்கப்புறம் அடி எங்கெங்க விழுந்துச்சுன்னு நான் என் கண்ணாலயே பாத்துட்டேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாமல் அவரைப் பார்த்து எனக்கு எத்தனையோ வருஷமாகியிருந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டார். அதைக்கூட ஒரு பயணியிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

"பின்கட்டுல துணி துவைச்சுக்கிட்டு இருக்கா. நீங்களே கூப்பிடுங்க. கத்திக் கூப்பிடுங்க. திட்டுங்க. தெருவே கேக்கட்டும். 'வாடி வீட்டுக்கு, அவனை நான் பாத்துக்கறேன்'னு ஒரே ஒரு தடவை பெத்த அப்பன் மாதிரிக் கத்துங்க. அவ வரலைன்னா நான் கொண்டுவந்து விடறேன்."

அத்தான் வாசற்படியில் நேராக நின்றார். மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு, "ஏய்" என்கிற வடிவத்துக்கு வந்ததை நான் பார்த்தேன். மனிதர் உயிரைக் கொடுத்து முயன்றார், அதில் பொய் சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"பாப்பு…" என்றார். "வாம்மா… வந்தீங்கன்னா…"

எதிரில் நின்ற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. பின்கட்டில் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை.