மங்கை மெஸ்ஸின் கார் செலவு

வெளிமாநில நகரம் ஒன்றின் நியூ டவுன் பகுதியில், ஒரு அடுக்குமாடி வீட்டில் மெஸ் நடத்துகிறார் மங்கையர்க்கரசி. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். சாப்பிட வருபவர்கள் ஐ.டி.யில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள். ஆரம்பித்த நாளிலிருந்து விலையை ஏற்றியதில்லை என்பது அவருடைய பெருமை.

கறிவேப்பிலைக்கும் காப்பித்தூளுக்கும் நகரத்தின் மறுகோடியில், தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில்தான் போவார். போன வருடம் பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தபோது சேலை நனைந்துவிட்டது. அதன்பின் பேடு வாங்கினார். பஸ்ஸை விட்டு வாடகைக் காருக்கு மாறினார். சாம்பாரில் வந்த லாபம் காரில் போனது. கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்: அடுத்த மாதம் முதல் விலை கூடும்.

இரண்டு பேர் உடனே நின்றுவிட்டார்கள். இன்னும் சிலர் போனால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான்.

"அக்கா கார்ல போறதுக்கு நாங்க காசு குடுக்கணுமா?" என்றான் சாப்பிட வந்த சந்தீப். எல்லோரும் சிரித்தார்கள்.

தோசைக் கரண்டியோடு திரும்பினார் மங்கையர்க்கரசி. "ஆமால. பஸ் குலுங்குனா எனக்கு மூத்திரம் கசிஞ்சிருது. இருமுனாலும் அப்படித்தான். பேடுக்கும் காருக்கும் வேற எங்க போவேன்?"

சந்தீப் தட்டையே பார்த்தான்.

"எங்கம்மாவுக்கும் இருக்குக்கா," என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்‌ஷயா. "கல்யாண வீட்டுக்குக்கூடப் போறதில்ல. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இதுக்குப் போயி டாக்டரா?"

"பின்ன, ஆயுசு பூரா காருக்கு அழப்போறீங்களா?"

டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அந்தக் கட்டணம் ஒரு மாதக் கார் வாடகையைவிடக் குறைவு. அடிவயிற்றுக்குக் கீழே தசையை இறுக்கிப் பிடித்துப் பின் தளர்த்தும் பயிற்சி. தோசை வேகும் நேரத்தில் செய்தார்.

"அக்காகிட்ட பேசாதீங்கடா, எக்சர்சைஸ் நடக்குது!"

"தோசை கருகுனா உனக்குத்தாம்ல, சந்தீப்பு."

சில மாதம் கழித்து, பையில் ஒரு பேடோடு மறுபடி பஸ் ஏறினார். பைபாஸில் பஸ் குதித்தது. தசையை இறுக்கிப் பிடித்தார். இருமல் வந்தது. மறுபடி பிடித்தார். லேக் மார்க்கெட் வந்ததும் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்!" என்று டிரைவரை மெதுவாக நிறுத்தச் சொன்னார். சேலை நனையாமல், நிமிர்ந்து இறங்கினார் மங்கையர்க்கரசி. திரும்பி வந்ததும் பஸ்ஸில்தான்.

நின்றுபோன இருவர் வரவேயில்லை. மற்றவர்கள் அன்று இரவு வந்தபோது கதவில் அந்த விலை அறிவிப்பு இல்லை.

சந்தீப் முன்னால் தோசையும் கறிவேப்பிலைச் சட்னியும் வைத்தார். "பஸ்ல வந்த கறிவேப்பிலை இது. பழைய விலைதான். தின்னு."