கடைமடையில் எடுத்த படம்

அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை. என் மனைவி ஸ்டெல்லா.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அது காலண்டராகத் தொங்கியிருக்கலாம். வறண்ட வாய்க்காலில் புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி பின்பக்கமாகவே நடக்கிறார். இரண்டு கைகளையும் நீட்டித் தண்ணீரைக் கூப்பிடுகிறார்... நடை பழகும் பிள்ளையைக் கூப்பிடுவது போல! கீழே மூலையில் ஒரு பெயர் இருக்கும். என் பெயர். அது பொய்.

பாபநாசத்தில் போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். கடை கிடையாது, சம்பளம் கிடையாது. யாராவது கூப்பிட்டால்தான் சோறு. தையிலும் வைகாசியிலும் தூங்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் போன் செத்துக் கிடக்கும். கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களுக்குத் தவக்காலத்திலும் கல்யாணம் இல்லை. "இன்னும் போட்டோதான் புடிக்கிறியா?" என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது. அவன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் ஓசியில் எடுக்க வேண்டும்!

ஸ்டெல்லா எல்லா வேலைக்கும் கூட வருவாள். விளக்குப் பிடிப்பாள், மணப்பெண்ணின் கொசுவத்தைச் சரிசெய்வாள். பழைய கேமரா ஒன்று அவள் தோளில் கிடக்கும். அதில் அவள் என்ன எடுக்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றவில்லை... ஏன் தோன்றவில்லை?

அது ஒரு ஆடி மாதம். நல்ல லென்ஸ் அடகில் இருந்தது. நாகூர்ப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தண்ணீரை வரவேற்று மதகில் பூப் போடுகிறார்களாம். அதைப் படம் எடுக்க வேண்டும். போனோம்.

நான் மதகில் நின்றேன். தலைவர்கள் வரிசையாகப் பூப் போட்டார்கள்.

"சார், நான் போட்டது விழுந்துச்சா? கண்ண மூடிட்டேன் போலருக்கு. இன்னொரு தடவ போடட்டுங்களா?"

"போடுங்க, போடுங்க."

அந்த நேரத்தில் ஸ்டெல்லா காணாமல் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கழுத்துவரை சேறு. கேமரா மட்டும் நனையவில்லை.

"என்னடி இது கோலம்?"

"வாய்க்கால்ல படுத்திருந்தேங்க. தண்ணி வந்துச்சு. எந்திரிக்கத் தோணல."

வீட்டுக்கு வந்து இரண்டு கேமராவின் படங்களையும் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மொத்தத்துக்கும் ஒரே தட்டில் என் பெயரை மூலையில் பதித்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். யாரும் திருடிவிடக் கூடாதே என்ற பயம்! அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அந்தப் படம் வந்தது. என் கை நின்றுவிட்டது.

எப்படிச் சொல்வேன் உங்களிடம்? தண்ணீருக்கு முகம் இருந்தது. முன்னால் உருண்டு வந்த சருகுகளும், பயந்து ஓடும் எறும்புகளும், வெடித்த மண்ணுக்குள் இறங்கும் முதல் நாக்கும், அந்த மனிதரின் வாயில் பாதியில் நின்ற சொல்லும்... எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்து பார்த்த பார்வை. கோயிலில்கூட என் மனசு அப்படி மண்டியிட்டதில்லை. இத்தனை வருடம் என் பக்கத்தில் விளக்குப் பிடித்தவளா இதை எடுத்தாள்?

அடுப்படியில்தான் இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பாள். கொடுக்கவில்லை. பொறாமை! வேறென்ன? எல்லாப் படங்களோடும் சேர்த்து அதையும் பேஸ்புக்கில் போட்டேன். பெயரை மாற்றவில்லை.

மறுநாள் காலையில் ஒரு காலண்டர் கம்பெனியிலிருந்து போன்.

"சார், அந்தத் தண்ணி படம்... நீங்க எடுத்ததுங்களா?"

ஸ்டெல்லா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

காலண்டர் வந்தது. லென்ஸ் வீடு திரும்பியது. சென்னையிலிருந்தெல்லாம் கல்யாணங்கள் வந்தன. ஆடியிலும் போன் அடித்தது. அந்த முதல் போனை வைத்ததும் அவளிடம் நான் சொன்னது இதுதான்: "யாரு எடுத்தா என்ன ஸ்டெல்லா, நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான். அப்ப அடுத்த படத்தையும் நீங்களே எடுத்துருங்க."

அதன்பின் அவள் கேமராவைத் தொடவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. விளக்கு மட்டும் பிடிக்கிறாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

ஆண்டுதோறும் ஸ்டெல்லாவோடு அதே வாய்க்காலுக்குப் போகிறேன். நானும் படுத்துப் பார்த்தேன். சேறுதான் மிச்சம். இந்த வருடம் அந்த விவசாயியே என்னைக் கண்டு வந்துவிட்டார்.

"தம்பி, உங்க வீட்டம்மா அன்னைக்கு அசையவே இல்ல. எந்திரிம்மா எந்திரிம்மான்னு கத்துறேன், கேமராவ மட்டும் தலைக்கு மேல தூக்குது! என் பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பா. காலண்டர்ல உங்க பேரைப் போட்டிருக்காங்களே... அம்மா பேரு என்னங்க?"

வாயில் வந்தது அந்தப் பெயர். அதற்குள் "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீரை விட நல்ல சாக்கு உண்டா?

ஸ்டெல்லா கரையில் நின்றாள். ஒரு கையில் என் பை. தொங்கிய மறு கையின் ஆட்காட்டி விரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. கேமரா இல்லாமலே காற்றில் ஒரு அழுத்து. அவளுக்கே தெரியாமல்! அந்தக் கணம்தான் கணம்... நுரை எழுந்து வெயிலைப் பிடித்த கணம். நான் பிந்திப்போனேன்.

இப்போது வேலைக்குப் போனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நான் பார்ப்பதில்லை. ஓரக்கண்ணால் ஸ்டெல்லாவின் விரலைப் பார்க்கிறேன். அது மடங்கும்போது அழுத்துகிறேன். படங்கள் பிரமாதமாக வருகின்றன, எல்லோரும் சொல்கிறார்கள்.

அவற்றின் மூலையிலும் என் பெயர்தான்.