பட்டினித் தொட்டியில் வெல்லத் தண்ணீர்

திருமழிசை தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஓரத்தில் ஒரு நீலத் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர், எங்கள் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாவை அதில் வளர்த்தார். மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கை அவை உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளுமாம். கொஞ்ச நேரம் விருந்து, நெடுநேரம் பட்டினி, மறுபடி விருந்து. தின்றதைக் கொழுப்புபோலச் சேர்த்துவைக்கிற கூட்டம் தாக்குப்பிடிக்கும், மற்றவை ஒழியும். அப்படிச் சலித்தெடுக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

ஒரு மதியம் பூந்தமல்லிக்குப் போகும்போது தொட்டியை என்னிடம் விட்டுப்போனார்.

"காத்து மட்டும் ஓடட்டும் அண்ணா. வேற எதுவும் செய்யாதீங்க."

எதுவும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். ஆனால் ஆக்ஸிஜன் மீட்டரில் எண் திடுதிப்பென்று ஏறியது. காற்றை இழுக்க உள்ளே ஆள் இல்லாவிட்டால்தான் அப்படி ஏறும். என் காவலில் மொத்தக் கூட்டமும் சாவு.

தொட்டியில் பாக்டீரியா படுத்துவிட்டால், மறுபடி உயிர்ப்பிக்க எங்கள் தொழிலில் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். நல்லவேளை, சாணி கைவசம் இல்லை. வெல்லத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் எலக்ட்ரீஷியன் வந்தான்.

"இன்னா மாமே, யாருக்கு பாயசம்?"

"எல்லாம் செத்துப்போச்சுப்பா."

"அதுங்கள பட்டினி போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லிகினே கீது. நீ பந்தி போட்டுகினு கீற."

வாளி பாதியில் நின்றது. மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. செத்தவர்கள் ஆவலாகச் சாப்பிடுகிறார்கள். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

வந்தவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எண் ஏறினா சாப்பாடு தீர்ந்துச்சுன்னு அர்த்தம் அண்ணா. அப்பதான் பட்டினியே ஆரம்பிக்கும். இப்ப வெல்லத்த தின்னு வேற கூட்டம் பெருகிட்டா என்னோடது போச்சு."

காற்றை நிறுத்தி, சேறு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே நின்ற இனிப்புத் தண்ணீரை வடித்தோம். பிறகு சில நாள் பழையபடி விருந்தும் பட்டினியும். எனக்கு மட்டும் வீட்டில் சோறு இறங்கவில்லை. "யாருங்க செத்தது?" என்றாள் மனைவி. பாக்டீரியா என்று எப்படிச் சொல்வது?

ஒரு காலை அவர் ஒரு சொட்டெடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கண்ணாடித் தகட்டை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி, "பாருங்க" என்றார்.

அரிசிக் குருணைபோலப் பொடிப்பொடியாய் உயிர்கள். கிட்டத்தட்ட ஒவ்வொன்றின் வயிற்றிலும் கருநீலப் பொட்டுகள்.

"அந்தப் பொட்டுதான் பிளாஸ்டிக்கா?"

"அதேதான். பிரிச்செடுத்தா மெல்லிசா தாள் மாதிரி வரும். நம்ம கூட்டம் பொழைச்சிடுச்சு அண்ணா."

நம்ம கூட்டம் என்றாரா? சரியாகக் காதில் வாங்கவில்லை. ஒன்றன் வயிற்றில் மூன்று பொட்டு, பக்கத்தில் இருந்ததற்கு ஐந்து. அது ஏன் அப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அடுத்த சொட்டு வைக்கணும். கொஞ்சம் நகருங்க."