பாட்டு ஏற்றிக் கொடுத்த தபஸ்ஸும்

2008இல் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை இருந்தது. டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன் என்று பலகையில் எழுதியிருந்தாலும் கூட்டம் வந்தது செல்போனில் பாட்டு ஏற்றிக்கொள்ளத்தான். ஏற்றிக் கொடுத்தவள் தபஸ்ஸும்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒலிமுகமதுபேட்டையில் பிறந்து, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவன் தன்வீர் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடிப்பதுதான் பிழைப்பு. பிறகு எல்லார் கையிலும் மெமரி கார்டு போட்ட போன் வந்தது. முதலாளி கலியாணசுந்தரம் ஒரு நாள் மெட்ராஸ் போய் ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றோடு பத்திரிகை அடிக்கிற வேலை பின்னால் போய்விட்டது.

சொல்லப்போனால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனைக் கழற்றி, பேட்டரிக்கு அடியில் இருக்கும் நகமளவு கார்டை எடுத்து, ரீடரில் செருகி, கேட்ட பாட்டைத் தேடி, காப்பி போட்டு, திரையில் பச்சைக் கோடு முழுசாக ஓடி முடிகிறவரை காத்திருக்க வேண்டும். ஆனால் நாளைக்கு எண்பது கார்டு. பாதிக் கார்டில் வைரஸ் இருக்கும். அழித்துவிட்டுத்தான் ஏற்ற முடியும் என்றால், "உள்ள குழந்தை போட்டோ இருக்குதும்மா" என்பார்கள். அந்தப் போட்டோவைத் தனியே எடுத்து வைத்து, கார்டைத் துடைத்து, திரும்பப் போட வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

"பாதிப் பாட்டுதான் ஏறிக்கீது, பஸ்ஸு கிளம்புதும்மா!"

"கரண்ட்டு என் கையிலயாபா இருக்குது? நாளைக்கு வா, ஏத்தித் தரேன்."

சாயங்காலத்தில் ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே சமயத்தில் போனை நீட்டுவார்கள். எது யாருடையது என்று தெரிய, போனுக்கு அடியில் துண்டுச் சீட்டு வைப்பாள். ஏறின பாட்டு ஓடுகிறதா என்று பார்க்க ஆரம்பத்தை மட்டும் ஓடவிட்டு நிறுத்திவிடுவாள். வீட்டுக்குப் போனால் டிவி சத்தம்கூட அவளுக்கு ஆகாது. தன்வீர் ஏதாவது பேச வந்தால், "கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்பாள். அவன் புரிந்துகொண்டு தட்டைக் கழுவப் போய்விடுவான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் போன கரண்ட் பதினொரு மணிக்கு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்து புதுக் கார்டை நீட்டினார்.

"புதுப் பட பாட்டெல்லாம் போடும்மா. கார்டு ரொம்பணும்."

ஏற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு நகரவில்லை. "இதெல்லாம் விக்கறதுக்கு உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. பாட்டுக் கம்பெனி ஆள் அவர். போலீசார் கம்ப்யூட்டர் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் போனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தபஸ்ஸும் முதலாளிக்கு போன் போட்டாள்.

"நான் திருத்தணில இருக்கேன்மா," என்றார் கலியாணசுந்தரம். "கடை உன்னோடதுன்னே போலீஸ்கிட்ட சொல்லிடு. பொம்பளைன்னா எச்சரிச்சு அனுப்பிடுவாங்க. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்."

அவள் போனை வைத்தாள். ஜீப்பில் ஏறினாள். கடைத் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் மதியத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கால் மட்டும் விண்ணென்று வலித்தது. யாராவது எதையாவது எழுதி நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. முதலாளி சொன்னபடியே சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது.

நாலு மணிக்குப் பெண் போலீஸ் ஒருத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். தெரிந்த முகம். அம்சவேணி. போன வாரம்தான் கடைக்கு வந்து முப்பது சாமி பாட்டு ஏற்றிக்கொண்டு போனவள்.

"டீ ஆறிடும், குடி," என்றாள் அம்சவேணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னதா ஒரு வாக்குமூலம் எழுதிக்கினு இருக்காங்க. எடுத்துக்கினு வந்தா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. படிக்காம போடாத, இன்னா?"

ஐந்து மணி வாக்கில் எஸ்.ஐ. தாளை நீட்டினார். தபஸ்ஸும் வரி வரியாகப் படித்தாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்தின பழக்கம். மூன்றாவது வரியில், அவள் பெயருக்குப் பக்கத்தில், கடையின் உரிமையாளர் என்று இருந்தது. அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டு, வக்கீல், வாய்தா என்று தன்வீர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அலைவது கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"இது தப்பு சார். நான் சம்பளத்துக்கு இருக்கறவ. கடை கலியாணசுந்தரம் சாருது."

"இவ்ளோ நேரம் வாயில இன்னா வெச்சிருந்த?"

"யாரும் கேக்கல சார்."

எஸ்.ஐ. அவளை முறைத்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டு, முதலாளியின் நம்பரைக் கேட்டார். சாட்சியாக அவளிடம் வேறொரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்தரைக்கு அனுப்பினார்கள்.

வெளியே தன்வீர் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான். யாரோ சொல்லி இரண்டு மணிக்கே வந்துவிட்டானாம், உள்ளே விடவில்லை. அவள் ஏறிப் பின் சீட்டில் சாய்ந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். வழியில் கைகாட்டியவர்கள் யாருக்கும் நிறுத்தவில்லை.

கலியாணசுந்தரம் அபராதம் கட்டி, பத்து நாளில் கடையைத் திறந்தார். அவளைக் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டபோது, "உன்னை நம்பித்தானே கடைய விட்டுட்டுப் போனேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. திருப்பிச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் வெயில், கையில் இரண்டு பை. "வரேன் சார்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தை மாதம் ஏனாத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் பிள்ளைகளின் பேரும் அப்பா பேரும் விலாசமும் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. எட்டு மணி பஸ்ஸில் போய், ஆறு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். முதல் நாள் முடிந்து வந்தவளிடம் தன்வீர், "எப்படி இருக்குது அங்க?" என்று கேட்டான்.

"வேலைதான்," என்றாள். "ஆனா அடிக்கிற தாள் எதுலயும் எம் பேரு வராது."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவன் சோறு எடுத்துவைக்கும்வரை அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.